எல்லிஸ் பீட்டர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லிஸ் பீட்டர்ஸ், எடித் பார்ஜெட்டர் இருவரும் ஒருவரா?

ஒருவர்தான். இயற்பெயர் எடித் மேரி பார்ஜெட்டர். 1913 செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் ஹார்ஸ்ஹே என்ற சிற்றூரில் பிறந்தார். 1995 அக்டோபர் 14 அன்று அதே மாவட்டத்தில், பிறந்த ஊரிலிருந்து சில மைல் தள்ளியுள்ள மேட்லியில் இறந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே போயிற்று. வரலாற்று நாவல்களைச் சொந்தப் பெயரிலும், 1959க்குப் பிறகு துப்பறியும் நாவல்களை எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரிலும் வெளியிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்தில் மூலிகை வளர்த்துக்கொண்டே துப்பறியும் காட்ஃபேல் துறவி இந்த இரண்டாவது பெயரில் வந்தவர். எல்லிஸ் அவருடைய அண்ணன் பெயர்.

இரண்டு பெயர்களுக்கும் இரண்டு வாசகர் கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மற்றதன் இருப்பே தெரியாது. நூலகத்தில் பெயர் வரிசைப்படி அடுக்கினால் ஒருவர் ‘பா’வில், இன்னொருவர் ‘பீ’யில். இந்தப் பக்கத்தில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: இவை இரண்டும் ஒரே தொழில்.

வேறு புனைபெயர்களும் உண்டாமே?

உண்டு. முதல் நாவல் 1936இல் சொந்தப் பெயரில் வந்தது. நீரோ மன்னன் காலத்து ரோமைப் பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஜோலியன் கார், பீட்டர் பெனடிக்ட், ஜான் ரெட்ஃபெர்ன் என்று மூன்று பெயர்களில் எழுதினார். இவை அவருடைய எழுத்துப்பயிற்சிக் காலம். ஆர்வத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. ஜோலியன் கார் பெயரில் 1938இல் வந்த ‘மர்டர் இன் தி டிஸ்பென்சரி’ மட்டும் தலைப்பாலேயே கவனிக்கத்தக்கது. மருந்து கலக்கும் அறையில் கொலை நடப்பதாக எழுதியபோது அவர் உண்மையிலேயே ஒரு மருந்துக்கடையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடை வேலைக்கும் பின்னால் எழுதிய மூலிகைத் துறவிக்கும் தொடர்பு உண்டா?

கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. கோல்புரூக்டேலில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. 1933 முதல் 1940 வரை டாலி என்ற ஊரில் மருந்துக்கடை உதவியாளர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மருந்துக்கடை என்பது அட்டையில் அடைத்த மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் இடம் இல்லை. மருத்துவர் சீட்டு எழுதினால் கடையிலேயே எடை போட்டு, அரைத்து, கலக்கி, குப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள். எந்த அளவு மருந்து, எந்த அளவு விஷம் என்பது அங்கே அன்றாடக் கணக்கு. ஏழு வருடம் அந்தக் கணக்கோடு இருந்தவர், நாற்பது வருடம் கழித்துப் படைத்த துப்பறிவாளருக்கு ஒரு மூலிகைக் குடிலைக் கொடுத்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

1940இல் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல் அணிகளை வழிநடத்திய லிவர்பூல் தலைமையகத்தில் டெலிபிரின்டர் (தட்டச்சில் செய்தி அனுப்பும் தந்திக் கருவி) இயக்குபவர். அந்தப் பணிக்காக 1944இல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் கிடைத்தது. எழுத்தும் நிற்கவில்லை: 1942இல் ‘ஷி கோஸ் டு வார்’, பிறகு 1945 முதல் 1947 வரை ஒரு சாதாரணப் படைவீரனைப் பின்தொடரும் மூன்று பாகப் போர் நாவல். இன்று இவற்றைப் படிப்பவர் குறைவு. ஆனால் முற்றுகை, தோல்வி, ஊர்விட்டு ஓடும் மக்கள் பற்றி அவர் பின்னால் எழுதும்போது நூலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்பவரின் குரல் கேட்காது. காரணம் இந்த வருடங்கள்.

செக் மொழி எப்படி வந்தது?

1947இல் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனார். அந்த நாடும் மக்களும் பிடித்துப்போய் மொழியைக் கற்றுக்கொண்டார், இலக்கியத்தை மொழிபெயர்க்கும் அளவுக்கு. யான் நெருடாவின் பிராகா நகரக் கதைகள், பொஷெனா நெம்ட்சோவாவின் ‘பாட்டி’, பொஹுமில் ஹ்ரபாலின் ரயில் நிலைய நாவல் ஆகியவை அவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவற்றில் சில. ஹ்ரபால் மொழிபெயர்ப்பு வந்தது 1968இல், சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்த அதே ஆண்டில். துப்பறியும் கதை எழுத்தாளர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களுக்கு இந்தப் பக்கமே தெரியாமல் போகிறது.

ஃபெல்ஸ் நாவல்கள் என்றால் என்ன? படிக்கலாமா?

ஜார்ஜ் ஃபெல்ஸ் என்ற போலீஸ் அதிகாரி, அவர் மனைவி பன்ட்டி, மகன் டொமினிக் ஆகியோரைச் சுற்றிய 13 நாவல்கள். காலம் இருபதாம் நூற்றாண்டு. வேல்ஸ் எல்லையை ஒட்டிய கற்பனை மாவட்டம். முதலாவது 1951இல், கடைசி 1978இல்.

இந்த வரிசையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் நாவலான ‘ஃபாலன் இன்டு தி பிட்’ முதலில் எடித் பார்ஜெட்டர் பெயரில் வந்தது. அடுத்தது பத்து வருடம் கழித்து, 1961இல், எல்லிஸ் பீட்டர்ஸ் பெயரில். எனவே பழைய பட்டியல்கள் சிலவற்றில் 12 நாவல்கள்தான் இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் தலைப்பு மாறுவது இன்னொரு தொல்லை. 1965இல் வந்த ‘எ நைஸ் டிரேஞ்ச்மென்ட் ஆஃப் எபிடாஃப்ஸ்’ அங்கே ‘ஹூ லைஸ் ஹியர்?’ ஆகிவிட்டது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு.

1961இல் வந்த ‘டெத் அண்ட் தி ஜாய்ஃபுல் உமன்’ 1963இல் அமெரிக்காவின் எட்கர் விருதை, சிறந்த நாவல் என்ற பிரிவில் பெற்றது. ஆக, துறவி வருவதற்கு 14 ஆண்டுகள் முன்பே துப்பறியும் உலகில் அவருக்கு நாற்காலி போட்டாகிவிட்டது.

தமிழ் வாசகர்கள் குறித்துவைத்துக்கொள்ள ஒன்று: இந்த வரிசையில் இரண்டு நாவல்கள் இந்தியாவில் நடக்கின்றன. 1969இல் வந்த ‘மோர்னிங் ராகா’ டெல்லியில். 1972இல் வந்த ‘டெத் டு தி லேண்ட்லார்ட்ஸ்!’ தேக்கடி ஏரியில் தொடங்கிக் கன்னியாகுமரிப் பக்கம் இறங்குகிறது. யானை பார்க்கப் படகில் போகும் சுற்றுலாப் பயணிகள், படகில் வெடிகுண்டு, செத்தவர் ஒரு நிலக்கிழார். பின்னணியில் நக்சல் காலத்துப் பதற்றம். வெளியூர்க்காரர் பார்வை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனாலும் சாலையையும் வெயிலையும் கவனித்து எழுதியிருக்கிறார்.

சொந்தப் பெயரில் எழுதிய வரலாற்று நாவல்களில் எது முக்கியம்?

எங்கள் தேர்வு தயக்கமில்லாமல் ‘தி ஹெவன் ட்ரீ’ முப்பாகம் (1960, 1962, 1963). பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம், ஜான் மன்னர் காலம். ஹாரி டால்வாஸ் என்ற கல்தச்சன், எல்லைப்புறப் பிரபு ஒருவருக்காகக் கோயில் கட்டுகிறான். கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், வளைவு எப்படிப் பாரத்தைத் தாங்கும் என்பதெல்லாம் கதையின் தசையாகவே இருக்கும், தகவலாக ஒட்டிக்கொண்டிருக்காது.

அடுத்து, வட வேல்ஸ் அரசான க்வினெத்தின் சகோதரர்கள் பற்றிய நாற்பாகம் (1974–77). வேல்ஸின் கடைசி சுதந்திர இளவரசர் லவெலின் அப் க்ரிஃபித், 1282 டிசம்பரில் கொல்லப்பட்டவர். அவருடைய எழுத்தர் சாம்சன் கதை சொல்கிறார். லவெலினின் தம்பி தாவித் 1283இல் தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ஊர் ஷ்ரூஸ்பரி. 1403ஆம் ஆண்டுப் போரைப் பற்றி 1972இல் எழுதிய நாவலுக்கும் அதே ஷ்ரூஸ்பரிதான் களம். பிறகு துறவி நாவல்களுக்கும் அதே ஊர். ஒரே ஊரை மூன்று நூற்றாண்டுகளில் வைத்து எழுதியவர், அந்த ஊரின் தெருவை மனப்பாடமாக வைத்திருந்ததில் வியப்பில்லை. அவருடைய பாட்டி ஒருவர் வேல்ஸ்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அவருக்குச் சொந்தம்.

காட்ஃபேல் துறவி எப்படி உருவானார்?

எலும்பிலிருந்து. ஷ்ரூஸ்பரி மடாலயம் 1083இல் தொடங்கப்பட்டது. அதற்குச் சொந்தமாக ஒரு புனிதரின் திருப்பண்டம் இல்லை. திருப்பண்டம் இல்லாத மடத்துக்கு யாத்திரிகர்கள் வரமாட்டார்கள். யாத்திரிகர்கள் வராவிட்டால் காணிக்கை இல்லை. எனவே 1130களின் இறுதியில் மடத்தின் துணைத் தலைவர் ராபர்ட், ஆட்களோடு வேல்ஸில் உள்ள க்விதெரின் என்ற கிராமத்துக்குப் போய்ப் புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளைத் தோண்டி எடுத்துவந்தார். இது நடந்த செய்தி. ராபர்ட்டே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பார்ஜெட்டர் இதை ஷ்ரூஸ்பரியின் பழைய வரலாற்று நூல் ஒன்றில் படித்தார். கிராமத்து மக்கள் எலும்பைச் சும்மாவா கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வி எழுந்தது. அங்கே ஒரு கொலையை வைத்தார். ஆங்கிலத் துறவிகளுக்கு வேல்ஸ் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அப்படி, ஒரு தேவைக்காக, குழுவில் ஒரு வேல்ஸ் துறவி சேர்ந்தார். 1977இல் வந்த ‘எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்’ ஒற்றை நாவலாகத்தான் திட்டமிடப்பட்டது. இரண்டாவது வந்தது 1979இல்தான். அந்த இடைவெளியே சாட்சி. முதல் துறவி நாவல் வந்தபோது ஆசிரியருக்கு 64 நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத வந்து 41 வருடம் ஆகியிருந்தது.

துறவியின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்வதானால்: 1080இல் வேல்ஸின் ட்ரெஃப்ரூவில் பிறப்பு, முதல் சிலுவைப் போரில் அந்தியோக்கியா முற்றுகை, கீழைக் கடல்களில் மாலுமி, நாற்பது வயதில் துறவறம். முதல் நாவலில் வயது 57. சபதம் எடுத்த பிறகு உலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் இல்லை, உலகத்தைப் பார்த்து முடித்துவிட்டு உள்ளே வந்தவர்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

வேல்ஸ் மொழியில் ஒற்றை ‘எஃப்’ எழுத்துக்கு ‘வ’ ஒலி. எனவே ஏறக்குறைய ‘கட்வைல்’. தொலைக்காட்சித் தொடரில் ‘காட்ஃபைல்’ என்றார்கள். தமிழில் ‘காட்ஃபேல்’ என்றே பரவிவிட்டதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம். மிக அரிய பெயர் இது. புனித கடோக்கின் ஞானஸ்நானப் பெயராக ஓரிடத்தில் பார்த்து எடுத்துக்கொண்டார்.

எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

வெளியான வரிசையே கதை நடக்கும் வரிசை. 20 நாவல்கள், 1137 மே மாதத்தில் தொடங்கி 1145 நவம்பரில் முடிகின்றன. இது தவிர ‘எ ரேர் பெனடிக்டைன்’ என்ற மூன்று சிறுகதைகளின் தொகுப்பு 1988இல் வந்தது. அதில் முதல் கதை, அவர் துறவியான 1120ஆம் ஆண்டுக் கதை. காலவரிசையில் அதுதான் முதல் என்று அதிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. வேண்டாம். துறவியை ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அந்தக் கதையில் சுவை.

நடுவில் எங்காவது புகுந்தால் என்ன கெடும்?

முதல் நாவலின் முடிவில் அந்த எலும்புப் பேழையைப் பற்றி ஒரு ரகசியம் இருக்கிறது. பத்தாவது நாவலும் (‘தி பில்கிரிம் ஆஃப் ஹேட்’) பத்தொன்பதாவதும் (‘தி ஹோலி தீஃப்’) அதன் மேல் நிற்கின்றன. முதலாவதைப் படிக்காமல் அங்கே போனால் துறவி ஏன் அவ்வளவு பதறுகிறார் என்றே புரியாது. அதேபோல் ஆறாவதான ‘தி வர்ஜின் இன் தி ஐஸ்’ நாவலில் துறவியின் சொந்த வாழ்வு பற்றிய செய்தி ஒன்று வெளியாகிறது. கடைசி நாவல் முழுக்க அதன் விளைவு. இரண்டாவது நாவலில் ஹ்யூ பெரிங்கர் என்ற இளைஞர் அறிமுகமாகும்போது அவர் நல்லவரா கெட்டவரா என்பதே கதையின் இழுவிசை. ஏழாவதைப் படித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தால் அந்த இழுவிசை போயிற்று.

நேரம் குறைவு என்றால் 1, 2, 3, 6, 10, 20 என்று படித்தால் முதுகெலும்பு கிடைத்துவிடும். தனியாகப் படிக்கத்தக்கவை என்றால் ஏழாவது (‘தி சாங்க்சுவரி ஸ்பாரோ’), பதின்மூன்றாவது (‘தி ரோஸ் ரென்ட்’). பழைய புத்தகக் கடையில் தேடுபவர்கள் ஆம்னிபஸ் தொகுதிகளைக் கவனியுங்கள். ஒரு தொகுதியில் மூன்று வீதம் ஏழு தொகுதிகள். முதல் தொகுதியில் முதல் மூன்று நாவல்கள்.

பின்னணிப் போர் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதலாம் ஹென்றி மன்னரின் ஒரே சட்டபூர்வ மகன் 1120இல் கப்பல் மூழ்கிச் செத்தான். மன்னர் தன் மகள் மாடுக்கு வாரிசுரிமை கொடுத்து, பிரபுக்களிடம் சத்தியமும் வாங்கினார். 1135இல் அவர் இறந்ததும் அக்காள் மகன் முறையில் வரும் ஸ்டீஃபன் முந்திக்கொண்டு முடிசூடினார். பிறகு ஏறக்குறைய இருபது வருடம் பங்காளிச் சண்டை. நம் பாட்டிமார் கதையில் வரும் சொத்துத் தகராறுதான், கோட்டைகளோடு.

நாவலுக்கு வேண்டிய தேதிகள் மூன்று. 1138 ஆகஸ்ட்: ஸ்டீஃபன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து, காவல்படையைத் தூக்கிலிடுகிறார். 1141 பிப்ரவரி 2: லிங்கன் போரில் ஸ்டீஃபன் பிடிபடுகிறார். அதே ஆண்டு நவம்பரில் தந்தை வழியில் மாடின் அண்ணனான க்ளாஸ்டர் பிரபு ராபர்ட்டுக்கு ஈடாக விடுவிக்கப்படுகிறார். 9 முதல் 12 வரையான நாவல்கள் நான்கும் இந்த ஒரே வருடத்துக்குள் நடக்கின்றன. யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பது மாதத்துக்கு மாதம் மாறுவதால் குழம்புவது இயல்பு. ஷ்ரூஸ்பரி ஸ்டீஃபன் பக்கம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

ப்ரைம், வெஸ்பர்ஸ், காம்ப்ளின் என்றெல்லாம் வருகிறதே?

மடத்தில் கடிகாரம் கிடையாது, வழிபாட்டு மணிதான். நள்ளிரவில் மாட்டின்ஸ், அதைத் தொடர்ந்து லாட்ஸ்; விடியலில் ப்ரைம்; பகலின் மூன்றாம் மணிக்கு டெர்ஸ்; உச்சியில் செக்ஸ்ட்; பிற்பகல் நடுவில் நோன்; மாலையில் வெஸ்பர்ஸ்; படுக்கும் முன் காம்ப்ளின். காலையில் எல்லோரும் கூடி மடத்து விவகாரம் பேசுவதற்கு ‘சாப்டர்’ என்று பெயர். நாவலின் பாதிச் செய்திகள் அங்கேதான் வெடிக்கும்.

இதை நம் கடிகாரத்துக்கு மாற்றும்போது பலர் ‘டெர்ஸ் = 9 மணி’ என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அது வசந்தகாலத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும்தான் சரி. பகல் எவ்வளவு நீளமோ அதைப் பன்னிரண்டாகப் பிரிப்பது அந்தக் கால முறை. ஷ்ரூஸ்பரியில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 16 மணி 50 நிமிடம். எனவே ஒரு ‘மணி’ என்பது 84 நிமிடம். டிசம்பரில் பகல் 7 மணி 40 நிமிடத்துக்குப் பக்கம். ஒரு ‘மணி’ 38 நிமிடம். நம் நாழிகை எப்போதும் 24 நிமிடம், இது மாறிக்கொண்டே இருக்கும். குளிர்காலக் கதைகளில் பகல் சீக்கிரம் முடிந்து இருட்டிவிடுவதும், கொலைக்கு இருட்டு வசதியாக இருப்பதும் இதனால்தான். அலிபி (கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்று) பார்க்கும்போது மாதத்தைப் பாருங்கள்.

துறவி எப்படித் துப்பறிகிறார்? கைரேகை, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லையே?

கண், மூக்கு, விரல், கூடவே தாவர அறிவு. இரண்டாவது நாவலான ‘ஒன் கார்ப்ஸ் டூ மெனி’யின் தொடக்கத்தைப் பாருங்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். உடல்களைச் சுத்தம் செய்து அடக்கம் செய்யும் பொறுப்பை மடம் ஏற்கிறது. காட்ஃபேல் எண்ணுகிறார்: 95. திரும்ப எண்ணுகிறார்: 95. அரசன் கொன்ற குவியலுக்குள் யாரோ தன் கொலையை ஒளித்துவைத்திருக்கிறான். கயிற்றில் தொங்கியவன் கழுத்தில் கயிற்றின் தடம் தாடையை ஒட்டி மேல்நோக்கி ஏறும். இந்த இளைஞன் கழுத்திலோ பின்னாலிருந்து மெல்லிய இழையால் இறுக்கிய கோடு. 94 பேரைச் சட்டப்படி கொன்ற அரசனிடம் போய், ஒருவனுக்கு மட்டும் நீதி கேட்கிறார் துறவி. துப்பறியும் கதையின் சட்டகத்துக்குள் இவ்வளவு கனமான கேள்வியை இவ்வளவு சின்ன எண்ணிக்கைப் பிழையில் வைத்ததுதான் பார்ஜெட்டரின் கைவேலை.

முற்றுகையும் தூக்கும் வரலாற்றில் உள்ளவை. அந்த ஒரு கூடுதல் பிணம்தான் கற்பனை.

‘மங்க்ஸ் ஹூட்’ நாவலில் வரும் விஷம் உண்மையானதா?

உண்மையானது, கொடியது. துறவியின் முக்காடு போன்ற நீலப் பூ பூக்கும் செடி. நம் சித்த மருத்துவத்தில் வசநாபி என்று சொல்வதன் நெருங்கிய உறவு. காட்ஃபேல் அதன் வேரை அரைத்து எண்ணெயில் கலந்து, மூட்டுவலிக்கு மேல்பூச்சாகத் தேய்க்கிறார். அதே எண்ணெய் யாரோ ஒருவர் சாப்பாட்டுக்குள் போகிறது. வாயிலும் நாக்கிலும் முதலில் எரிச்சல், பிறகு மரத்துப்போதல், வாந்தி, கைகால் தளர்ச்சி, கடைசியில் இதயத்துடிப்பு தாறுமாறாகி மரணம். நாவலில் வரும் வர்ணனை இந்த வரிசையிலிருந்து விலகுவதில்லை. (மேல்பூச்சானாலும் புண்ணுள்ள தோலில் பட்டால் உடலுக்குள் இறங்கிவிடும். நாவலைப் படித்துவிட்டு யாரும் கைவைத்தியம் பார்க்க வேண்டாம்.)

ஆனால் விஷத்தைவிட அந்த நாவலில் நுட்பமானது ஓர் ஒப்பந்தம். வயதான நிலக்காரர் ஒருவர் தன் பண்ணையை மடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சாகும்வரை வீடு, சாப்பாடு, பானம், விறகு பெறுவது அந்தக் கால வழக்கம். பத்திரம் தயார், முத்திரைதான் பாக்கி. அந்த நேரம் மடாதிபதி ஹெரிபர்ட்டின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, திருச்சபைக் கூட்டத்துக்கு அவர் லண்டனுக்கு அழைக்கப்படுகிறார். அவர் வந்து முத்திரை வைக்கும்வரை நிலம் யாருக்கு? 1138இல் ஹெரிபர்ட் பதவி இழந்தது வரலாற்றுச் செய்தி. அந்தச் சில வாரக் காலியிடத்தில் ஒரு கொலைக்கான காரணத்தை வைத்துவிட்டார். பண்ணை வேல்ஸ் எல்லையில் இருப்பதும், இரு நாட்டுச் சொத்துரிமைச் சட்டங்கள் வேறுபடுவதும் கதைக்கு முக்கியம். இதற்கு மேல் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

மற்ற நாவல்களும் பெரும்பாலும் இப்படித்தான். சட்டத்தில் ஒரு சந்து, அதில் ஓர் ஆள். ‘தி சாங்க்சுவரி ஸ்பாரோ’வில் கோயிலுக்குள் ஓடிவந்து அடைக்கலம் கேட்டவனுக்கு நாற்பது நாள் பாதுகாப்பு, வாசலைத் தாண்டினால் பிடித்துக்கொள்ளலாம். ‘தி ரோஸ் ரென்ட்’டில் ஒரு விதவை தன் வீட்டை மடத்துக்குக் கொடுக்கிறாள். வருட வாடகை, அந்த வீட்டுச் செடியிலிருந்து ஒரே ஒரு வெள்ளை ரோஜா. குறித்த நாளில் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. யாரோ செடியை வெட்டுகிறார்கள்.

எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை?

மன்னர்கள், போர்கள், மடாதிபதிகள் ஹெரிபர்ட்டும் ராடுல்ஃபஸும், துணைத் தலைவர் ராபர்ட், க்வினெத் மன்னர் ஓவைன், அவர் தம்பி கட்வலாடர் ஆகியோர் உண்மை. காட்ஃபேல், ஹ்யூ பெரிங்கர், கொலையாளிகள், பெரும்பாலான காதலர்கள் கற்பனை. ஊரின் அமைப்பு உண்மை: செவர்ன் ஆறு வளைத்துக் கட்டிய மேடு, கழுத்துப் பகுதியில் கோட்டை, கிழக்கே பாலம் தாண்டி மடம், இன்னும் தள்ளித் தொழுநோயாளிகளுக்கான செயின்ட் ஜைல்ஸ் விடுதி.

விமர்சகர்கள் சொல்லும் ஒரு குறை நியாயமானது. காட்ஃபேலின் சகிப்புத்தன்மையும், காதலர்கள் பக்கம் சாய்வதும், குற்றவாளியைச் சில நேரம் சட்டத்திடம் ஒப்படைக்காமல் விடுவதும் பன்னிரண்டாம் நூற்றாண்டைவிட இருபதாம் நூற்றாண்டுக்கே நெருக்கம். அதேபோல் ஒவ்வொரு நாவலிலும் ஓர் இளம் ஜோடி, தடை, கடைசியில் கல்யாணம் என்ற அச்சு இருக்கிறது. ஏழெட்டை அடுத்தடுத்துப் படித்தால் சலிப்புத் தட்டும். மாதம் ஒன்று என்று படியுங்கள்.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால் போதுமா?

பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் 1994 முதல் 1998 வரை வந்த 13 படங்கள். டெரெக் ஜேகபி துறவியாக நடித்தார், படப்பிடிப்பு ஹங்கேரியில். ஜேகபிக்காகப் பார்க்கலாம். ஆனால் தொடர் இரண்டாம் நாவலில் தொடங்குகிறது, முதல் நாவல் பின்னால்தான் வருகிறது. ஏழு நாவல்கள் படமாகவே இல்லை. அவற்றில் கடைசி நாவலும் ஒன்று. ‘தி பில்கிரிம் ஆஃப் ஹேட்’ படத்தில் கதையையே மாற்றிவிட்டார்கள். ஹ்யூ பெரிங்கராக மூன்று நடிகர்கள் மாறி மாறி வருவார்கள். அதே ஆள்தான், குழம்ப வேண்டாம்.

விருதுகள்?

1963இல் எட்கர். 1980இல் ‘மங்க்ஸ் ஹூட்’டுக்கு பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் குத்துவாள். 1993இல் வாழ்நாள் சாதனைக்கான வைரக் குத்துவாள். 1994இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச கௌரவம். அவர் மறைந்த பிறகு, 1999இல், அதே சங்கம் வரலாற்றுத் துப்பறியும் நாவலுக்கு அவர் பெயரிலேயே விருது தொடங்கியது. பின்னாளில் விருதிலிருந்து பெயர் கழன்றது.

ஷ்ரூஸ்பரிக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

மடம் 1540இல் மூடப்பட்டது. கோயிலின் நடுக்கூடம் மட்டும் பங்குக் கோயிலாகப் பிழைத்து இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. உள்ளே போனதும் தடித்த, உருண்டையான, அலங்காரமில்லாத தூண்களைப் பாருங்கள். அவை நாவல் காலத்துத் தூண்கள். பார்ஜெட்டர் நினைவாகப் புனித பெனடிக்டைச் சித்திரிக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் அங்கே உண்டு.

காட்ஃபேலின் மூலிகைத் தோட்டத்தைத் தேடி ஏமாறாதீர்கள். மடத்து வளாகத்தின் குறுக்கே 1836இல் பொறியாளர் டெல்ஃபோர்டின் சாலை போய்விட்டது. கோயில் வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் சாலையைக் கடந்தால் கல்லில் செதுக்கிய சிறிய மேடை ஒன்று தனியாக நிற்கும். துறவிகள் பேசாமல் சாப்பிடும்போது ஒருவர் மேலே நின்று வேதம் வாசித்த மேடை அது. சாப்பாட்டுக் கூடம் போய்விட்டது, மேடை மட்டும் மிச்சம். வண்டிகள் ஓயாத சாலை, பார்த்துக் கடக்கவும்.